சிறு மனையும் கட்டட விதியும்: முதலியார்பேட்டை வீட்டு வாடகை குறித்து

நகரங்களில் வீட்டு விலையும் வாடகையும் ஏறுவதற்குக் கட்டட விதிகளே காரணம் என வாதிடும் பொருளியலாளர்கள், தளப்பரப்புக் குறியீட்டையே, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளங்களை எழுப்பலாம் என வரையறுக்கும் எண்ணையே, முதலில் குற்றம் சாட்டுவர். மும்பையில் 1964இல் 4.5 வரை இருந்த இக்குறியீடு 1991இல் தீவு நகரில் 1.33 ஆகச் சுருங்கியதை அவர்கள் சுட்டுவதுண்டு. பெங்களூரு பற்றி அலன் பெர்ட்டோவும் யான் ப்ரூக்னரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, உயரக் கட்டுப்பாட்டால் நகரம் பக்கவாட்டில் விரிவதன் இழப்பைக் குடும்ப நுகர்வில் 1.5 முதல் 4.5 விழுக்காடு வரை என மதிப்பிட்டது. தமிழ்நாடும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த விதிகளில் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தியது. ஆயினும் புதுச்சேரியின் முதலியார்பேட்டை போன்ற பழைய ஆலைத் தொழிலாளர் பகுதிக்கு இவ்வாதம் பாதியளவே பொருந்தும். அங்கே வீட்டின் அளவை முடிவு செய்வது குறியீட்டைவிட, மனையின் எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய பக்க இடைவெளிதான்.

பிரெஞ்சு ஆட்சியில் தனிக் கொம்யூனாக இருந்து இன்று புதுச்சேரி நகராட்சிக்குள் அடங்கும் இப்பகுதி, கடலூர் சாலையில் இருந்த ரோடியர் மில்லை, பிற்காலப் பெயரில் ஏ.எஃப்.டி. ஆலையை, ஒட்டி வளர்ந்தது. ஆலை வேலையை நம்பி வந்த குடும்பங்களின் மனைகள் பாகப்பிரிவினைதோறும் நீளவாக்கில் பிளவுபட்டு, அகலம் குறைந்து நீண்ட துண்டுகளாயின. 1969ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டத்தின் வழியில் 1972இலும், பின்னர் 2012இலும் வந்த கட்டட விதிகள் இத்தகைய மனைகளின்மீதுதான் பொருத்தப்படுகின்றன.

20 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள மனையை எடுத்துக்கொள்ளலாம். அதன் பரப்பு 1,200 சதுர அடி. குறியீடு 2 என்றால் 2,400 சதுர அடி கட்டலாம். முன்னும் பின்னும் 5 அடி, இரு பக்கமும் 3 அடி விட வேண்டும் என வைத்துக்கொண்டால், தளத்துக்கு 14 அடிக்கு 50 அடி, அதாவது 700 சதுர அடியே மிஞ்சும். அனுமதிக்கப்பட்ட பரப்பை எட்ட நான்கு தளங்கள் தேவை. வண்டி நிறுத்தத் தரைத்தளத்தைத் தூண்களோடு விட்டுவிட்டால் ஐந்தாகும். 9 அங்குலச் சுவர் இரண்டைக் கழித்தால் வீட்டின் உள்ளகலம் 12½ அடி. மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுபவர் தனிப்படிக்கு இன்னும் 3 அடி ஒதுக்க வேண்டும். லிஃப்டும் ஆழ அடித்தளமும் அமைத்து ஐந்து தளம் எழுப்பும் வசதி அம்மனைக் குடும்பத்துக்கு இராது. குறியீட்டை 2.5 ஆக்கினாலும் அம்மனையில் ஓர் அறைகூட அதிகமாகாது. கூடுதல் குறியீட்டின் ஆதாயம் பல மனைகளைச் சேர்த்து வாங்கி அடுக்குமாடி கட்டுவோருக்கே போகும். அந்த ஆதாயம் மனை விலையிலேயே ஏறிவிடுவதால் வாடகைக்கு இருப்போருக்கு நன்மை சேர்வது ஐயமே.

பக்கச் சுவர்களை ஒட்டிக் கட்ட இடமளித்தால், 20 அடிக்கு 50 அடியில் தளத்துக்கு 1,000 சதுர அடி கிடைத்து, மூன்றே தளங்களில் 2,400 சதுர அடி முடிந்துவிடும். தமிழ்நாட்டு விதிகளில் இதற்குத் தொடர் கட்டடப் பகுதி என்ற வகையே உண்டு. காற்றும் வெளிச்சமும் தடைபடும், தீ பரவும் என்னும் எதிர்வாதம் நேர்மையானதே. ஆனால் புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டே நடு முற்றத்தால் காற்றைப் பெற்றன; இன்றைய 3 அடிச் சந்துகளிலோ கழிவுநீர்க் குழாயும் ஏ.சி.யின் வெளிப்பெட்டியும் இருக்கின்றனவேயன்றி, தீயணைப்பு வீரர் நுழைய வழியில்லை.

விதியும் தேவையும் பொருந்தாத இடத்தில் மக்கள் விதியை மீறிக் கட்டுகின்றனர் என்பது வெளிப்படை. அதன் செலவு பேசப்படுவதில்லை: ஒப்புதல் பெற்ற வரைபடத்துக்கு மாறான தளத்துக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம்; அதனால் உரிமையாளர் போக்கியத் தொகை வாங்கியும் வட்டிக்கு எடுத்தும் கட்ட, அவ்வட்டி வாடகையில் வந்து விடிகிறது. புதுச்சேரி மாவட்டத்தின் நிலம் தமிழ்நாட்டு ஊர்களோடு துண்டு துண்டாகப் பின்னிக் கிடப்பதால், இங்கே இடம் கிடைக்காதோர் கோட்டக்குப்பம், பட்டானூர் பக்கம் போய் வேறோர் அரசின் விதிகளுக்கு உட்பட்டு வீடு கட்டுகின்றனர். இங்குள்ள இட நெருக்கடியை எண்களும் காட்டும்: 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்குத் தமிழ்நாட்டில் 555 பேரும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 2,547 பேரும் இருந்தனர்.

2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையின் நிலம் அரசு நிறுவனத்தின் கையில் இருப்பதால், சிறு மனைகளால் தீராத தேவையை அங்கே எதிர்கொள்ள முடியும். மும்பை ஆலை நிலங்களுக்கு 1991இன் 58ஆம் விதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கும், அதேபோன்ற இன்னொரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் ஒதுக்கியது. 2001இல் அப்பங்கீடு ஆலைக் கட்டடங்கள் நின்ற பரப்பை விடுத்துக் காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றது. பங்கு எந்தப் பரப்பின்மீது கணக்கிடப்படுகிறது என்ற ஒரே தொடரில் ஏழைகளின் வீடுகள் கரைந்த கதை அது. ஆகவே முதலியார்பேட்டை ஆலை நிலத்துக்கு விதி எழுதுவோர் மொத்தப் பரப்பின்மீதே பங்கை வரையறுக்க வேண்டும். புதுச்சேரி நகர அமைப்புக் குழுமமும் இனி எந்தத் திருத்த வரைவை வெளியிட்டாலும், 20 அடி மனையில் அதன்படி எத்தனை சதுர அடி கட்ட முடியும் என்ற கணக்கையும் உடன் வெளியிட வேண்டும்.