தாலின்

எஸ்டோனியாவின் தலைநகர், பின்லாந்து வளைகுடாவின் தென்கரைத் துறைமுகம். எதிர்க்கரையிலுள்ள ஹெல்சிங்கியிலிருந்து கப்பலில் சுமார் 2 மணி நேரத்தில் வந்துசேரலாம்.

1219இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் வால்டெமார் இவ்விடத்தைக் கைப்பற்றினார். பின்னர் ஹான்சா வணிகக் கூட்டமைப்பில் இணைந்த நகரம், மேற்கு ஐரோப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் இடைப்பட்ட வாணிகத்தால் செழித்தது. அந்தச் செல்வத்தின் அடையாளமே 1997 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக உள்ள பழைய நகர். தூம்பியா குன்றின் மேல் பிரபுக்களும் திருச்சபையினரும், கீழே வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்தனர். இரு பகுதிகளுக்கும் நெடுங்காலம் தனித்தனி நிர்வாகம்; நடுவே மதிலும் வாயிலும் இருந்தன. கோட்டைமதிலின் கோபுரங்கள் 20க்கும் மேல் எஞ்சியுள்ளன.

கீழ்நகரின் நடுவே, 1404இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மன்றம் நிற்கிறது. அதே சதுக்கத்தின் மூலையிலுள்ள மருந்துக்கடை 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெற்றுள்ளது. இன்றும் அங்கே தலைவலி மாத்திரை வாங்கலாம். தெருக்களெல்லாம் உருண்டைக்கல் பாவியவை. மழை நாளில் வழுக்கும், குதிகால் உயர்ந்த செருப்பு ஆகாது.

ரயில் நிலையத்துக்கு அப்பால் தெல்லிஸ்கிவி பகுதியில் பழைய தொழிற்கூடங்கள் உணவகங்களாகவும் கலைக்கூடங்களாகவும் மாறியுள்ளன. ஸ்கைப் மென்பொருள் இந்நகரில் உருவானதே. 2005இலேயே எஸ்டோனியர் இணையவழி வாக்களித்தனர். நகரில் பதிவுபெற்ற குடியிருப்போருக்கு 2013 முதல் பேருந்தும் டிராமும் இலவசம். சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்க வேண்டும். ஜூனில் இரவு பதினொரு மணிக்கும் வானம் முழுதாக இருளாது. டிசம்பரில் பகல் ஏறத்தாழ 6 மணி நேரமே.