ஓடிப்போன மகன்களும் ஊரில் இருந்த பெண்களும்

2005 தீபாவளிக்கு 'சிவகாசி' வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 'வெயில்' வந்தது. முன்னது விஜய்க்காகப் பேரரசு செய்த மசாலாப் படம். பின்னது விருதுநகர்க்காரரான வசந்தபாலன் சொந்த மண்ணை வைத்து எடுத்த படம். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துப் பேச எளிதில் யாருக்கும் தோன்றாது. ஆனால் இரண்டுக்கும் வித்து ஒன்றுதான்: சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிய மகன், ஆளாகித் திரும்புகிறான்.

'சிவகாசி'யின் ஹேமா வசதியான வீட்டுப் பெண். அவள் உடையைக் குறித்து வெல்டிங் தொழிலாளியான நாயகன் நீளமாக உபதேசம் செய்கிறான். 'வெயில்' படத்தில் நாயகன் முருகேசன் காதலிக்கும் தங்கத்துக்கு உபதேசம்கூடக் கிடைப்பதில்லை. காதல் வெளியே தெரிந்ததும் அவள் உயிரையே மாய்த்துக்கொள்கிறாள். பணக்காரிக்குச் சொல்லால் கடிவாளம், எளியவளுக்குச் சாவு. இந்த அளவில் 'வெயில்' உண்மையைச் சொல்கிறது, 'சிவகாசி' பெண்ணைச் சிறுமைப்படுத்துகிறது என்று முடித்துவிடத் தோன்றும்.

ஆனால் உபதேசம் கேட்ட அதே ஹேமாதான் பிறகு நிபந்தனை விதிக்கிறாள்: தாயையும் தங்கையையும் அழைத்து வந்தால்தான் கல்யாணம். நாயகன் ஊர் திரும்புவதே அவள் சொல்லால்தான். 'வெயில்' படத்திலோ முருகேசனுக்காகத் தாய் உருகுகிறாள், சிறுவயதுத் தோழி பாண்டி ஆதரவாக நிற்கிறாள். இருவருடைய அன்பும் அப்பாவின் மனத்தை அசைப்பதில்லை. மறுத்துச் சொல்லும் உரிமை ஹேமாவுக்கு எங்கிருந்து வந்தது? பின்னால் நிற்கும் சொத்திலிருந்துதான். பாண்டிக்கு அப்படி எதுவும் இல்லை. நான் பெரிதும் மதிக்கும் படம் 'வெயில்'. அந்த இல்லாமையை உணர்ந்து அது துயரப்படுகிறது. 'சிவகாசி'யோ பெண்ணின் கையில் கொடுத்த அதிகாரத்தைத் தானே கவனிக்காமல் கடந்துபோகிறது.

ஓடிப்போவதே ஒரு சலுகை என்பதை இரண்டு படங்களும் யோசிப்பதில்லை. முருகேசன் வீட்டுப் பணத்தோடும் நகையோடும் ஓடியவன். இருபது ஆண்டுக்குப் பின் வந்தும் வாசலில் நிற்க முடிகிறது. அப்படிப் போன மகள் திரும்பி வந்திருந்தால் எந்த வாசல் திறந்திருக்கும்?

இத்தனைக்கும் இரண்டு கதைகளுக்கும் பின்னால் இருக்கும் சிவகாசி, விருதுநகர் வட்டாரம் பெண்கள் உழைப்பில் நிற்கும் சீமை. தீப்பெட்டி ஒட்டுவதும் பட்டாசுக் குழாய் சுருட்டுவதும் சரம் பின்னுவதும் பெரும்பாலும் அவர்கள் கைகள்தாம். பேரரசுக்குப் பட்டாசு ஊரின் பெயர் நாயகனின் பெயர். வசந்தபாலனுக்கு இந்தச் சீமையின் வெயில், தண்டனையாகச் சிறுவனின் வெற்றுடம்பில் விழும் சூடு. சீமையின் நெருப்பு இரண்டிலும் ஆண்பிள்ளைகளுக்கே போய்ச் சேர்கிறது.

இவற்றுக்கு வெகுமுன்பே, 1990-இல், குட்டி ஜப்பான் எனப்படும் சிவகாசியைப் பற்றி சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தை எடுத்திருந்தார். அதிலும் வீட்டைவிட்டுப் பிள்ளைகள் போகிறார்கள், பெண்பிள்ளைகளும்தான். விடியுமுன் ஆலைப் பேருந்தில் ஏறி, இருட்டிய பிறகு வீடு வந்து, மறுநாள் மறுபடியும் அதே பேருந்து.