ஆலைக்கும் ஊருக்கும் ஒரே ஊற்று



ஒரு பெருநகரின் வரலாற்றை அதன் கோட்டைகளையும் ஆளுநர்களையும் கொண்டு எழுதுவது வழக்கம். அந்நகருக்குத் தண்ணீர் வந்த வழியைக் கொண்டும் எழுதலாம் என்பது என் துணிபு. சென்னை மாநகருக்கும் அதன் வடபால் எழுந்த தொழிற்சாலைகளுக்கும் நீர் எவ்வாறு வந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தனர் என்பதையே இன்று கூற விரும்புகின்றேன்.

சென்னை, வற்றாத ஆற்றின் கரையில் அமைந்த ஊர் அன்று. கூவமும் அடையாறும் மழைக்காலத்தில் மட்டுமே பெருகுவன. ஆதலின் தொடக்கத்தில் மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தனர். 1772-ஆம் ஆண்டில் கோட்டைக்கு நீர் தருவதற்கென்று ஏற்பட்ட கிணறுகளின் நினைவு, ஏழு கிணறு என்னும் இடப்பெயரில் இன்றும் நிலைத்திருக்கின்றது. மக்கள்தொகை பெருகவே, பிரேசர் என்னும் பொறியாளர் 1866-இல் ஒரு திட்டம் வகுத்தார். கொசத்தலை ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, அந்நீரைச் சோழவரம் ஏரிக்கும் புழல் ஏரிக்கும் திருப்புவதே அத்திட்டம். 1872-இல் புழல் நீர் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்தடைந்தது. ஆயினும் அது வடிகட்டப்பெறாத நீர். 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்த பின்னரே நகரத்தார் தெளிந்த நீரைக் கண்டனர்.

அடுத்த பெரும்பணி பூண்டி நீர்த்தேக்கம். நகரத் தந்தையாக விளங்கிய தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940-இல் வேலை தொடங்கிற்று. 1944-இல் அது நிறைவெய்தியபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். இன்று அந்நீர்த்தேக்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இதுவரை நான் கூறியது குடிநீரின் கதை. இனித் தொழிலின் கதை தொடங்குகின்றது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1971-இல் உர ஆலையில் உற்பத்தி தொடங்கியது. இத்தகைய ஆலைகளுக்கு எண்ணெயும் மின்சாரமும் மட்டும் போதா. கொதிகலனில் நீராவி எழுப்பவும், சூடேறிய கருவிகளைக் குளிர்விக்கவும் இரவு பகல் ஓயாது நன்னீர் வேண்டும். ஏரிநீரோ நகரத்தார் குடிப்பதற்கே பற்றாது. அக்காலத்தில் ஐக்கிய நாடுகள் அவையின் உதவியோடு ஆரணி ஆறு, கொசத்தலை ஆறு ஆகியவற்றின் படுகை ஆராயப்பட்டது. பழைய ஆற்று மணலில் ஊறிக் கிடந்த நீர் கண்டறியப்பட்டு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கப்பட்டன. ஊற்று நீர் குழாய் வழியே ஆலைகளுக்குச் சென்றது.

கடற்கரை நாட்டில் நிலத்தடி நீருக்கு ஓர் இயல்பு உண்டு. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. எனவே நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். நன்னீரின் மட்டம் கடல் மட்டத்திற்கு ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை உவர்நீர் ஏறாமல் காக்கும். அவ்வோரடியை இழந்தால் 40 அடிக் காவலையும் இழந்தோம். மீஞ்சூர்ப் பக்கம் நிகழ்ந்தது இதுவே. ஆலைக் கிணறுகள் இறைத்தன. உழவர்களின் மின் இறைவைகளும் இறைத்தன. மழை அந்த அளவுக்கு ஈடு செய்யவில்லை. கடல்நீர் நிலத்தடியே பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது.

ஆசிரியப் பயிற்சி முடித்து நான் முதன்முதலாகப் பணியேற்றது அப்பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில்தான். பள்ளிக் கிணற்று நீர் இளநீர் போன்றது என்று முதியோர் கூறுவர். சில ஆண்டுகளுக்குள் அது கரிக்கத் தொடங்கியது. முதலில் பருப்பு வேகவில்லை. பின்னர்ப் பிள்ளைகள் நட்ட முருங்கை பட்டுப்போயிற்று. பின்னர் அவர்கள் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவரலாயினர். அக்காலத்தில் “தொழில் வளமே நாட்டு வளம்” என்று வகுப்பில் முழங்கியவன் நான். ஒருநாள் என் மாணவன் ஒருவனின் தந்தையார், நெல் விளைந்த நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தவர், என்னிடம் கூறினார்: “வாத்தியாரய்யா, என் மூத்த பையனுக்கு ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. நல்ல சம்பளம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் சம்பளத்தில் ஒரு பகுதி இப்போது தண்ணீர் வாங்கத்தான் போகிறது.” அவருக்கு விடை கூற அன்று எனக்கு இயலவில்லை. ஆலை வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை; நானும் சொல்லேன். ஆனால் ஊரின் ஊற்றை எடுத்துத்தானா ஆலையை நடத்த வேண்டும்?

இக்கேள்விக்கு விடை சிறிது சிறிதாகவே வந்தது. 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரை முறைப்படுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. 1983-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நதிநீர் 1996-இல் பூண்டியை அடைந்தது. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. எந்தக் கடல் எங்கள் கிணறுகளைக் கெடுத்ததோ, அதே கடலிலிருந்து குடிநீர் எடுக்கும் நிலை வந்தது!

இவை அனைத்தினும் சிறந்ததாக நான் கருதுவது வேறொன்று. நகரம் கழித்த கழிவுநீரைத் தூய்மை செய்து தம் ஆலைகளில் பயன்படுத்தும் முறையை, மணலித் தொழிற்சாலைகள் 1990-களின் தொடக்கத்திலேயே மேற்கொண்டன. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதே ஆண்டில்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை உயர்ந்த தரத்திற்குத் தூய்மை செய்யும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. ஒன்றன் நீர் மணலிக்கும், மற்றதன் நீர் திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய தொழிற்பேட்டைகளுக்கும் என வகுக்கப்பட்டது. கொதிகலன் தாகத்தால் குடிப்பதில்லை. நீர் எங்கிருந்து வந்ததென்று கேட்பதுமில்லை. மனிதன் பயன்படுத்திய நீர் அதற்குப் போதும். அவ்வாறு அளிக்கப்பெறும் ஒவ்வொரு குடமும் ஏரியிலும் ஊற்றிலும் மிஞ்சும் குடமாகும். நகரம் பெருகப் பெருகக் கழிவுநீரும் பெருகுமாதலின், மழை பொய்த்தாலும் இவ்வூற்று முற்றும் வற்றாது.

தொழிலை வளர்க்க முனையும் எந்நகரமும் இவ்வரலாற்றிலிருந்து ஒரு வரிசையைக் கற்றுக்கொள்ளலாம். ஊற்று நீர் முதலில் ஊராருக்கும் பயிருக்கும். ஊரார் பயன்படுத்தி விட்ட நீர் ஆலைக்கு. இவ்வரிசை மாறியதால் நேர்ந்த இழப்பை ஒரு பள்ளிக் கிணற்றில் நான் கண்டேன். உப்பேறிய மணல் மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் வேண்டும். உப்பேற்றுவதற்கோ சில ஆண்டுகளே போதும். புதிய ஆலைக்குக் கால்கோள் இடும் நாளிலேயே, அதன் நீர் எங்கிருந்து வரும் என்று கேட்கும் வழக்கம் நமக்கு வருமாயின், அந்த உழவருக்கு நான் அன்று கூறத் தவறிய விடையை நாம் அனைவரும் சேர்ந்து கூறியவர்கள் ஆவோம்.