பாடப்படாத பரணி

2008 நவம்பர் 26 புதன்கிழமை இரவு தொடங்கியது, 29 சனிக்கிழமை காலை தாஜ் ஹோட்டலில் முடிந்தது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். நான் அப்போது பி.ஏ. ஆங்கிலம் இறுதி ஆண்டு. கல்லூரி போக மிச்ச நேரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. சம்பளத்துக்கு நின்ற வரிசையில் அயர்ன் மாஸ்டர் சொன்னார்: "இத இப்படியே உட்டம்னா நாளைக்கு இங்கயும் வருவானுங்க தம்பி. ஒரே ராத்திரில முடிச்சுறோணும்." தலையாட்டினேன். பெரியவருக்கான மரியாதைத் தலையாட்டல் அல்ல. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

முடிக்கவில்லை. கடல் வழியாக 10 பேர் வந்து 166 பேரைக் கொன்றதற்கு இந்தியா ஒரு குண்டுகூட வீசவில்லை. இந்தத் தீர்மானத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு வாசகங்கள்தாம் புழங்குகின்றன. ஒன்று, கோழைத்தனம். மற்றது, காந்தி தேசத்தின் பெருந்தன்மை. இரண்டுமே தவறு என்பது என் எண்ணம். இரண்டுமே நடந்ததைப் பார்க்கவிடாமல் மறைக்கின்றன.

அப்போதைய வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன், 2016இல் வெளிவந்த தம் நூலில் இதைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியும்படியான பதிலடி உடனே வேண்டும் என்று அந்த நாட்களில் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். பிறகு யோசித்ததில், அன்றைய நிலைமையில் அடிக்காமல் விட்டதே சரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். அடித்திருந்தால் உலகம் கொன்றவனையும் செத்தவனையும் பிரித்துப் பார்த்திருக்காது. இது இன்னொரு இந்திய - பாகிஸ்தான் சண்டையாகியிருக்கும். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் சர்தாரி அதிபராகியிருந்தார். அவருடைய சோனியான சிவில் அரசாங்கம் ராணுவத்தின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். முகாம்கள்மேல் விழும் குண்டுகளால் லஷ்கருக்கு ஏற்படும் நஷ்டம் சொற்பம். இதில் அகிம்சை எங்கே இருக்கிறது? கணக்குத்தான் இருக்கிறது.

வெளியிலிருந்து நெருக்கடியும் இருந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் டிசம்பர் 3இல் டெல்லிக்கு வந்தார். சிவராஜ் பாட்டீல் விலகிய பின் உள்துறைக்கு வந்த ப. சிதம்பரம், பதிலடி எண்ணம் தம் மனதில் இருந்ததையும், போர் வேண்டாமென்று சொல்ல உலகமே டெல்லிக்கு வந்ததையும் 2025இல் ஒரு பேட்டியில் சொன்னார். ஒரு நல்ல தீர்மானம் முழுக்கச் சுதந்திரமாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது சரித்திரம் அறியாதவனின் சுத்தம்.

கணக்குப் போட்டவர்களுக்கு முன் ஒரு பழைய பேரேடும் இருந்தது. 2001 டிசம்பர் 13இல் நாடாளுமன்றம் தாக்கப்பட்டதும் லட்சக்கணக்கான சிப்பாய்கள் எல்லைக்கு அனுப்பப்பட்டார்கள். ஆபரேஷன் பராக்ரம் என்று பெயர். பத்து மாதம் நின்றார்கள். போர் நடக்கவில்லை. ஆனாலும் கண்ணி வெடிகளைப் புதைப்பதிலும் எடுப்பதிலும் விபத்துகளிலும் ஏறக்குறைய 800 சிப்பாய்கள் இறந்தார்கள். 2002 ஜனவரியில் முஷாரஃப் லஷ்கரைத் தடை செய்தார். அதே லஷ்கர்தான் 2008இல் படகேறி வந்தது. ஓங்கிய கைக்கும் விலை உண்டு என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது.

அடிக்காததால் கிடைத்தது என்ன? நான் குமாஸ்தா, காகிதத்தின் சக்தியில் எனக்குத் தொழில்முறை நம்பிக்கை உண்டு. 2008 டிசம்பர் 10இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் குழு ஹஃபீஸ் சயீதையும் லக்வியையும் தன் பட்டியலில் சேர்த்தது. 2009 ஜனவரி 5இல் இந்தியா ஆதாரக் கோப்பைப் பாகிஸ்தானிடம் கொடுத்தது. சதியின் ஒரு பகுதி தன் மண்ணில் தீட்டப்பட்டதை அந்த நாடு பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. வேவு பார்த்த ஹெட்லிக்கு அமெரிக்க நீதிமன்றம் 2013இல் 35 ஆண்டுச் சிறை விதித்தது. கொலைகாரர்களுக்குத் தொலைபேசியில் கட்டளையிட்டவர்களில் ஒருவனை 2012இல் சவூதி அரேபியா அனுப்பிவைத்தது. தஹவ்வூர் ராணாவை அமெரிக்கா ஒப்படைத்தது 2025 ஏப்ரலில். காகிதம் நடந்து வந்து சேர 16 வருடம்.

அந்தக் காகிதத்துக்கு உயிர் கொடுத்தவர் துக்காராம் ஓம்ப்ளே என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர். கிர்காவ் சௌபாட்டியில் கசாபின் துப்பாக்கிக் குழலை வெறும் கையால் பிடித்துக்கொண்டு குண்டுகளை உடம்பில் வாங்கி இறந்தார். கசாப் உயிரோடு பிடிபட்டான். பிடிபடாமல் செத்திருந்தால் அந்தப் பத்துப் பேரும் யாரென்றே தெரியாது என்று சாதித்திருப்பார்கள். 2012 நவம்பர் 21இல் எரவாடா சிறையில் தூக்கிலிடப்படும் முன் அவனுக்கு விசாரணை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் கிடைத்தன. இந்தியாவின் சொல்லுக்கு வெளியே மதிப்பு வந்ததில் இதற்கும் பங்குண்டு.

வராத பாக்கியையும் எழுத வேண்டும். பாகிஸ்தானில் நடந்த மும்பை வழக்கின் அரசு வழக்கறிஞர் 2013 மே மாதம் இஸ்லாமாபாத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். லக்வி 2015இல் சிறையிலிருந்து வெளியே வந்தான். ஹஃபீஸ் சயீத் 2020இல் தண்டிக்கப்பட்டது பயங்கரவாதத்துக்குப் பணம் திரட்டியதற்காக, மும்பைக்காக அல்ல. குமரன் சாலை வழியாகத்தான் தினமும் வங்கிக்குப் போகிறேன். 1932 ஜனவரியில் தடியடியை வாங்கிக்கொண்டு கொடியை விடாமல் பிடித்த குமரன் பணயம் வைத்தது தன் உடம்பை. அரசாங்கம் பொறுமை காட்டும்போது பணயமாவது அடுத்தவர் உடம்பு. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் செத்த 58 பேரின் வீட்டாரிடம் பொறுமையின் மேன்மையைப் பேச யாருக்கும் அதிகாரமில்லை.

58 என்ற எண் எங்கள் பக்கத்திலும் உண்டு. 1998 பிப்ரவரி 14, கோயம்புத்தூர். அந்தக் குண்டுகள் வானத்திலிருந்து விழவில்லை. 1997 நவம்பர் 29இல் உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதற்குப் பதில் என்று அடுத்த நாட்களில் கலவரம், துப்பாக்கிச் சூடு. 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அதற்குப் பதில் என்று குண்டுகள். இறந்தவர்களில் பலர் கடைவீதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தவர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கை ஓங்கியவன் தன்னுடையதைப் பதில் என்றே சொன்னான். ஆரம்பம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. பத்து வருடம் கழித்துச் சம்பள வரிசையில் தலையாட்டியபோது இது எனக்கு ஞாபகம் வரவில்லை. பழிவாங்கும் ஆசையின் முதல் காரியம் ஞாபகத்தை அழிப்பது.

இதில் இலக்கியத்துக்கும் பொறுப்பு உண்டு. வென்றவனைப் பாட நம்மிடம் பரணி இருக்கிறது. நடக்காமல் போன போருக்கு என்ன இருக்கிறது? புறநானூற்றில் இருந்தது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய ஆயுதங்கள் புத்தம் புதிதாகப் பளபளப்பதையும், அதியமானுடையவை முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டாள். புகழ்ச்சி மாதிரி வந்த எச்சரிக்கை அது. தூது ஆயுதத்துக்கு எதிர்ப்பதம் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதியபோது, தோற்பது யாரானாலும் தோற்பது உங்கள் குடியே என்று கோவூர்கிழார் இடைமறித்தார். பின்னாட்களில் தூது என்பது சிற்றிலக்கிய வகையாகி, கிளியையும் மேகத்தையும் காதலனிடம் அனுப்பும் சமாசாரமாயிற்று. அரசியல் வடிந்துவிட்டது. 2008இல் எடுத்த தீர்மானத்தை மக்களிடம் விளக்க மன்மோகன் சிங் அரசாங்கத்துக்கு ஒரு மொழி அகப்படவில்லை என்றால், அந்த மொழியை நாமும் வைத்திருக்கவில்லை. விளக்கப்படாத பொறுமையைப் பார்த்தவர்கள் அதைப் பயம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மறுபடி இப்படியொரு தாக்குதல் நடந்தால் எந்த அரசாங்கமும் அதே வழியைத் தேர்ந்துகொள்ள முடியாது என்று மேனனே எழுதியிருந்தார். 2016, 2019, 2025 ஆண்டுகள் அதை நிரூபித்தன.

2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7இலிருந்து 10 வரை குண்டுகள் பறந்தன. பூஞ்சில் எறிகணைகள் வீடுகள்மேல் விழுந்து பொதுமக்கள் செத்தார்கள். அடுத்த வாரம் பழைய அயர்ன் மாஸ்டர் என் கவுண்டருக்குப் பணம் எடுக்க வந்தார். முடி நரைத்திருந்தது.

"இந்தத் தடவ அடிச்சுட்டாங்க, பாத்தீங்ளா தம்பி."

பார்த்தேன் என்றேன். நோட்டுகளை எண்ணி முடித்தவர் நகராமல் நின்றார்.

"இனி வரமாட்டானுங்கல்ல?"

அடிக்காமல் விட்டவர்களிடமும் அடித்தவர்களிடமும் அவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பதில் இரண்டு பக்கத்திலும் இல்லை. அடிக்காமல் விட்டவர்கள் சேர்த்த கோப்பாவது இன்றைக்கும் நீதிமன்றத்தில் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.