தண்டுவட மரப்பு நோயில் இயக்கக் கோளாறுகள்

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே அரித்துவிடுவது தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்). பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நடுக்கம், தள்ளாட்டம், தசை விறைப்பு, திடீர் இழுப்பு, கால் குடைச்சல் ஆகியவை இதில் வரும் இயக்கக் கோளாறுகள். குளிர்நாடுகளில் மிகுதியாகவும் வெப்பநாடுகளில் குறைவாகவும் காணப்படும் நோய் இது. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளத்துக்கும் இதற்கும் தனி உறவு எதுவும் கிடையாது. ஆனால் இந்தக் கோளாறுகள் ஒருவரின் பிழைப்பை எங்கெங்கே தொடும் என்று பார்க்க, அந்தக் கரையைவிடத் தெளிவான இடம் அமைவது அரிது.

நரம்பியல் மருத்துவர் நோயாளியை ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். சிறுமூளையோ, பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் தண்டுவடப் பாதையோ பழுதானால் இந்த நடை குலையும். பாத்திகளுக்கு இடையே உள்ள ஒடுங்கிய வரப்பில், தலையில் உப்புக் கூடையோடு நடப்பவர் ஏறக்குறைய இதே சோதனையை நாள் முழுதும் செய்கிறார். தடுமாற்றம் முதலில் வரப்பில்தான் தெரியும். அதுவும் விடியுமுன் இருட்டில், கண்ணின் துணை இல்லாதபோது, இன்னும் கூடுதலாக.

வெயில் ஏறினால் வேறொரு சிக்கல். உடற்சூடு அரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே, உறை இழந்த நரம்பிழையில் மின்சமிக்ஞை தடைபடலாம். கால் துவளும், பார்வை மங்கும், நடுக்கம் பெருகும். 1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் விவரித்ததால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. உடல் குளிர்ந்ததும் மாறிவிடும். புதிய சேதம் ஏற்படுவதில்லை. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது என்பதால் உடல் குளிரவும் நேரமாகும். இதை வெறும் வெயில் மயக்கம் என்று ஒதுக்கிவிடுவது இயல்பு. ஒவ்வொரு முறையும் அதே கால், அதே கண் என்றால் அப்படி ஒதுக்கக் கூடாது.

நடுக்கத்தை இந்நோயின் அடையாளங்களில் ஒன்றாக 1868இல் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ குறித்தார். கை சும்மா இருக்கும்போது இது தெரியாது. டம்ளரை எடுக்கப் போனால், விரல் நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் ஓய்வில் இருக்கும் கைதான் நடுங்கும். மருந்துகள் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. மணிக்கட்டில் எடைப்பட்டை கட்டுவதும், தேர்ந்தெடுத்த சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்துவதும் வழக்கத்தில் உள்ளன.

பெரிதும் தவறாகக் கணிக்கப்படுவது திடீர் இழுப்பு. ஒரு கையோ காலோ இரண்டு நிமிடத்துக்குள் விறைத்து முறுக்கி, வலித்து, விட்டுவிடும். ஒரு நாளில் பலமுறை வரலாம். எழுந்து நடப்பதோ, ஒரு தொடுகையோ அதைக் கிளப்பிவிடும். நினைவு தப்பாது என்பதே காக்காய் வலிப்பிலிருந்து இதைப் பிரித்துக்காட்டும் முக்கியக் குறி. குறைந்த அளவு கார்பமாசெபினுக்குப் பெரும்பாலும் நன்கு கேட்கும். அம்மருந்து இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். உடலில் நீர் தங்குவதே அதற்குக் காரணம். உப்பளத்திலேயே வாழ்ந்து, உப்பை அள்ளித் தின்றாலும் அது சரியாகிவிடாது! இரத்தப் பரிசோதனை வேண்டும். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதே இழுப்பு, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற வேறொரு நோயில் இன்னும் அதிகம். அதற்குரிய எதிர்ப்பொருள் 2004இல் கண்டறியப்பட்டது. அதற்கு முன் என்.எம்.ஓ. பெரும்பாலும் தண்டுவட மரப்பின் ஒரு வகையாகவே எண்ணப்பட்டது. தண்டுவட மரப்புக்கான சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையில் பிரித்தறிவது அவசியம்.

தசை விறைப்புக்கு பாக்லோஃபென், டிசானிடின் தருவார்கள். விறைத்த கால் உடம்பைத் தாங்கி நிற்கும் என்பதால் விறைப்பை முழுதாக நீக்கினால் நடையே போய்விடலாம். அளவு பார்த்துக் கூட்ட வேண்டும். பாக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். இரவில் கால் குடைச்சல் இருந்தால் இரும்புச்சத்தையும் பார்ப்பது நல்லது.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகலாம். மாவட்டத்துக்குள் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக அங்கீகரிக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் ரூ.2,000 ஆயிற்று. இதற்கான பாதிப்பின் விழுக்காட்டை மருத்துவர்கள் கணிப்பது பெரும்பாலும் காலை வேளையில், மின்விசிறியின் கீழ். மதிய வெயிலில் துவளும் கால் அப்போது நேராக நடந்துவிடும். எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் நடந்தபின் தள்ளாட்டம் வருகிறது என்பதை மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு அந்தக் கணிப்புக்குப் போவது நல்லது.