'ர்' உதிர்ந்த கதை: ஓசூர்த் தெருவிலிருந்து ஒரு வசைச்சொல்லின் வரலாறு

ஓசூர் பேருந்து நிலையத்தில் விடிகாலை நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்குவார்கள், காலை ஷிப்ட்டுக்காரர்கள் ஏறுவார்கள். சில மாதங்களுக்கு முன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். தன்னை உரசிப்போன பைக்கைத் தட்டிக்கேட்டாள் ஒரு பெண். பைக்காரன் திரும்பி ஒரு சொல்லை வீசினான். முதலில் தமிழில், அது போதாதென்று கன்னடத்தில், வண்டியைக் கிளப்பும்போது தெலுங்கில். 'ராத்திரியெல்லாம் ஊர் சுத்திட்டு வர்றவளுக்கு வாயப் பாரு' என்பது மிச்சம். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, 'விடுங்க சார், கோவத்துல வர்றதுதான். அர்த்தம் பாத்தா பேசறாங்க?' என்றார்.

அர்த்தம் பார்த்துப் பேசுவதில்லை என்பது உண்மை. ஆனால் பேசுகிறவன் பார்க்காத அர்த்தத்தையும் சொல் சுமந்துகொண்டுதான் வருகிறது. மொழி ஒன்றும் வெள்ளந்தியான ஊடகம் அல்ல என்று நாம் கட்டுரைகளில் எழுதியிருக்கிறோம். அந்த மூன்று சொற்களையும் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'தேவடியா' என்பது தேவரடியார். சோழர் காலக் கல்வெட்டுகளில் இது மரியாதைச் சொல். தேவனார் மகளார் என்றும் இப்பெண்கள் குறிக்கப்பட்டார்கள். கோயிலுக்கு விளக்கும் பொன்னும் நிலமும் கொடுத்தவர்களாக, தம் பெயரிலேயே கல்லில் நிற்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவில் எத்தனையாவது வீடு என்ற விவரங்களோடு ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். இதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. ஓர் அரசன் 400 பெண்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து வைத்தான் என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. நான் சுட்ட விரும்புவது ஒரு விகுதியை மட்டும். அன்று அச்சொல்லின் முடிவில் 'ஆர்' இருந்தது. பங்கும் வீடும் கையில் இருந்தவரை 'ஆர்' இருந்தது. நூற்றாண்டுகள் கடந்து, கோயில் மானியங்கள் கைமாறி, அப்பெண்கள் ஜமீன்களையும் மிராசுகளையும் அண்டிப் பிழைக்க நேர்ந்தபோது 'ர்' உதிர்ந்தது. உதிர்ந்த மிச்சம்தான் பஸ் ஸ்டாண்டில் நான் கேட்டது.

கன்னடச் சொல்லுக்கு வருவோம். 'சூளெ' என்பது இன்று பச்சை வசை. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணத்தில் பசவண்ணரோடு திரண்ட சரணர் இயக்கத்தில் சூளெ சங்கவ்வெ என்று ஒரு கவி இருந்தார். அவருடைய வசனம் ஒன்றுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் பெயருக்கு முன்னால் அச்சொல் அடையாளமாகவே நிற்கிறது. தாவணகெரெ மாவட்டத்தில் சூளெகெரெ என்ற மிகப்பெரிய ஏரி இன்றும் இருக்கிறது. ஏரிக்குப் பெயராக இருக்க முடிந்த சொல், நியாயம் கேட்ட பெண்ணின் முகத்தில் எறிய மட்டுமே இன்று மிஞ்சியிருக்கிறது.

தெலுங்கின் கதை இன்னும் கூர்மையானது, ஏனென்றால் அதில் அரசாங்கமும் வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசன் பிரதாபசிம்மன் அவையில் இருந்தவர் முத்துபழனி. அவர் எழுதிய தெலுங்குக் காவியம் 'ராதிகா சாந்த்வனமு'. சமூக சீர்திருத்தவாதி என்று நாம் படித்திருக்கும் கந்துகூரி வீரேசலிங்கம், எழுதியவரின் ஒழுக்கத்தைச் சொல்லியே அந்நூலை ஒதுக்கினார். கர்நாடகத்தில் பிறந்த, தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மா அதைத் தேடிப் பதிப்பித்தார். அது 1910. ஆபாசம் என்று அரசு தடை விதித்தது. தடை நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே சிருங்காரத்தை எழுதிய ஆண் கவிகள் 'மகாகவி'களாகவே இருந்தார்கள். அவள் எழுதினால் வேசித்தனம், அவன் எழுதினால் ரசம்.

இங்கே ஒரு கேள்வி எழும். தேவதாசி முறை ஒழிந்தது நல்லதுதானே? நல்லதுதான், ஒழிந்தே தீர வேண்டியது. முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். அந்த வாழ்க்கையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மேடை மேடையாகப் பேசினார். சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. முறை போனது, சொல் போகவில்லை. ராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட நாவலின் தலைப்பைக் கவனியுங்கள்: 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தலைப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள், தாசியும் மைனரும். மைனருக்கு என்ன ஆயிற்று? அவன் மைனர் செயினாகவும் 'என்ன மைனரே' என்ற சிநேகிதக் கிண்டலாகவும் ஆகி நம் கழுத்திலும் வாயிலும் சௌக்கியமாக இருக்கிறான். ஒரே உறவின் இரண்டு முனைகளில் ஒன்று நகையானது, மற்றது வசையானது. ஆணைத் திட்ட வேண்டுமானாலும் அவன் அம்மாவை இழுத்து '...மகனே' என்றுதான் திட்ட முடிகிறது. குழாயடியில் பெண்கள் பெண்களையே இப்படித் திட்டிக்கொள்கிறார்களே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். கைக்கு எட்டும் ஆயுதம் அதுவாகத்தான் இருக்கிறது.

வசையை விட்டுவிடுவோம். வசை இல்லாத, சாதாரணப் பேச்சுக்கு வருவோம். தெலுங்கில் 'அவள் வந்தாள்' என்பதும் 'அது வந்தது' என்பதும் ஒரே வினைமுற்றில் முடியும்: வச்சிந்தி. ஆணுக்குத் தனி விகுதி, பெண் ஒருமைக்கு அஃறிணையோடு பங்கு. தமிழில் அப்படி இல்லை, பெண்பாலுக்குத் தனி விகுதி உண்டு என்று நாம் மார்தட்டலாம். ஆனால் நாம் பேசுவது எப்படி? 'அவ வந்தா' என்றால் மட்டு மரியாதை. 'அவங்க வந்தாங்க' என்று சொல்ல, தொழிலாளிப் பெண்ணுக்கு, சின்னப் பெண்ணுக்கு நம் நாக்கு வளையாது. ஆகவே நடுவில் ஒரு வழி கண்டோம்: 'அந்தப் பொண்ணு வந்துச்சு'. கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டுமென்றால் அவளைத் திணை மாற்றி அஃறிணைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. இலக்கணம் கொடுத்த உயர்திணையைப் புழக்கம் பிடுங்கிக்கொண்டது. இதில் கோபம் இல்லை, ஆபாசம் இல்லை. ஆகவே எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாது.

சட்டமும் இதே மொழியில்தான் யோசித்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே பெண் ஆலையில் வேலை செய்யலாம் என்றது. பாதுகாப்பு என்று பெயர். இரவில் வெளியே இருக்கும் பெண் சந்தேகத்துக்குரியவள் என்ற தெருவின் பேச்சை மாற்றுவதற்குப் பதிலாக, பெண்ணையே இரவிலிருந்து மாற்றிவைத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. சட்டத்தில் இரவு திறந்தது. மொழியில் திறக்கவில்லை. 'ராத்திரியெல்லாம் ஊர் சுத்திட்டு' என்ற பைக்காரனின் வாய்க்குள் இன்னும் அந்த 66ஆம் பிரிவு அமலில் இருக்கிறது.

தெருவில் பெண்ணுக்குக் கிடைக்கும் நல்ல சொல்லே இல்லையா? இருக்கிறது. அக்கா. ஓசூரின் மூன்று மொழிகளிலும் அது ஒரே சொல். அன்றைக்கு டீக்கடைக்காரரும் கடைசியில் அந்தப் பெண்ணிடம், 'நீ போக்கா, பஸ்ஸு கிளம்பிடும்' என்றார். அவர் நல்ல மனிதர். அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். ஆனால் அக்காவாகவோ தங்கச்சியாகவோ ஆக்கிக்கொண்டால்தான் நமக்கு மரியாதை வருகிறது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். யாருக்கும் அக்காவாக இல்லாமல், எட்டு மணி நேர வேலை முடித்து விடியலில் தன்பாட்டுக்கு இறங்கி நடக்கிற ஒருவருக்கு, உதிர்ந்த அந்த 'ர்' எப்போது திரும்பக் கிடைக்கும்?

கல்வெட்டில் அது பங்கோடும் வீட்டோடும் வந்தது. இன்று சம்பளமும் அடையாள அட்டையும் வந்துவிட்டன. நம் நாக்குதான் இன்னும் வரவில்லை.