மண்ணிற் பிறந்த விந்தைப் பறவைகள்

கண்ணாற் கண்ட உருவத்தை மண்ணில் அமைத்தல் ஒரு கலை. எவரும் காணாத உருவத்தைக் கண்டோர் நம்புமாறு அமைத்தல் அதனினும் அரிய கலை. நம் கோயிற் றூண்களிலே பாயும் யாளியை உயிருடன் கண்டவர் எவருமிலர். எனினும் அதன் பிடரியும் எயிறும் நம்மை நம்பவைக்கின்றன. ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களிலும் இத்தகைய கற்பனை விலங்குகள், கூரையின் மழைநீரை உமிழும் வாய்களாக அமைந்தன. அம்மரபு கல்லை விட்டுக் களிமண்ணிற் புகுந்த வரலாறே இங்கிலாந்தின் மாட்டின் சகோதரர் நால்வரின் வரலாறாகும்.

1834 ஆம் ஆண்டில் இலண்டன் பாராளுமன்ற மாளிகை தீக்கிரையாயிற்று. இடைக்காலக் கொதிக் பாணியில் அது மீண்டும் எழுந்தபோது கற்றச்சர் பலர் வேண்டப்பட்டனர். சகோதரருள் மூத்தவரான றொபேட் வாலஸ் மாட்டின் (1843–1923) இளமையில் அங்கே பணியாற்றியவர். பிறர் வகுத்த வடிவத்தைக் கல்லிற் செதுக்கிய அக்கை, பின்னர்த் தன் மனம் வகுத்த வடிவத்தை மண்ணிற் செதுக்கலாயிற்று. 1873 இல் தொடங்கிய தொழில் 1877 இல் இலண்டனுக்கு மேற்கேயுள்ள சவுத்தோலுக்குப் பெயர்ந்தது. றொபேட் உருவங்களைச் செதுக்கினார். வோல்ற்றர் சக்கரத்திற் கலம் வனைந்து சூளையையும் கவனித்தார். எட்வின் மீன்களையும் நீர்வாழ் உயிர்களையும் கீறி அணிசெய்தார். சார்ல்ஸ் நகரிற் கடை நடத்தினார்.

இவர்களுக்குப் புகழீட்டியவை பறவைக் கலங்களே. தலையைக் கழற்றினால் உடல் சாடியாகும். ஆயின் பார்ப்போர் நினைவில் நிற்பது சாடியன்று; முகமே. ஒன்று நீதிபதிபோல் இமை தாழ்த்தி நோக்கும்; மற்றொன்று கடன் கேட்க வந்தவன்போல் இளிக்கும். அச்சுகளைக் கொண்டு ஒரே வடிவை ஆயிரமாக ஆக்கும் ஆலைகள் பெருகிய அந்நாளில், இவற்றுள் ஒன்று போல் மற்றொன்று இருந்ததில்லை.

செதுக்கிய நுட்பம் அழியாது நின்றமைக்கு அவர்கள் கையாண்ட உப்பு மெருகும் ஒரு காரணமாகும். சூளை ஏறக்குறைய 1200 பாகை வெப்பமடைந்தபின் அதனுள்ளே உப்பு எறியப்படும். அதிலிருந்து எழும் சோடியம் ஆவி மண்ணிலுள்ள சிலிக்காவுடன் சேர்ந்து, கண்ணாடி போன்ற மெல்லிய தோலாகப் படியும். தடித்த மெருகு உளிக்கோடுகளை மூடிவிடும். இதுவோ ஒவ்வோர் இறகையும் தெளிவாகக் காட்டும். ஆயின் அவ்வெப்பத்தைத் தாங்கும் நிறங்கள் சிலவே. ஆதலின் கபிலம், நீலம், சாம்பல், மங்கிய பச்சை ஆகியவையே இக்கலங்களில் மிகுதி.

இக்கலைக்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. சில காலங்களில் ஆண்டுக்கு ஒரு முறையே சூளை மூட்டினர். அது பிழைத்தால் பல மாத உழைப்பும் பாழாயிற்று. சார்ல்ஸ் தமக்கு விருப்பமான கலங்களை விற்க மனமின்றி ஒளித்து வைத்தார் என்பர். 1903 இல் கடையும் சரக்கும் எரிந்தன. சார்ல்ஸ் 1910 இலும், வோல்ற்றர் 1912 இலும், எட்வின் 1915 இலும் மறைந்தனர். மூத்தவரே இறுதிவரை எஞ்சினார்.

வணிகக் கணக்கில் இது தோல்வியே. ஆயினும் வனைதலையும் அணிசெய்தலையும் சுடுதலையும் ஒரு சிறு பட்டறையிலே தம் கையால் நடத்திய இவர்களை, இக்காலத் தனிக்கலைக் குயவரின் முன்னோடிகளாக வரலாற்றாசிரியர் மதிக்கின்றனர். பிழைப்புக்கு உதவாத அப்பறவைகளே இன்று அரும்பொருட்சாலைகளிலே வீற்றிருக்கின்றன. ஒரு கலையின் பயனை அதன் காலத்துச் சந்தையே முற்றும் அளந்துவிடாது என்பதற்கு அவை சான்றாகும்.